தாடை மூட்டு வலிக்கு லேசர்: சிகிச்சை அறை கற்றுத்தந்தவை

தாடை மூட்டு வலியோடு வருபவருக்கு லேசர் ஒளி பாய்ச்சும் சிகிச்சை இன்று பல பல் மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி நிலையங்களிலும் கிடைக்கிறது. அதனால் பயன் பெறுவது யார், பெறாதவர் யார் என்பதைக் கருவியின் விலை தீர்மானிப்பது அரிது. கருவியை எடுக்கும் முன்னர் நடந்த பரிசோதனையும், ஒளி வலியைத் தணித்த நாள்களில் நோயாளி செய்த பயிற்சியுமே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன என்பது இச்சிகிச்சையை நெடுங்காலம் கையாளும் எவருக்கும் புலப்படும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் நல்ல கருவியும் வீணாகிறது என்பதனால், லேசரைப் பற்றிய எந்தக் குறிப்பும் மூட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கீழ்த்தாடை எலும்பின் உருண்ட மேல்முனை, காதுக்குச் சற்று முன்னே, பொட்டெலும்பின் குழிவில் வந்து பொருந்தும் இடமே தாடை மூட்டு. முனைக்கும் குழிவுக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பாலான மெல்லிய வட்டு ஒன்று உண்டு. மருத்துவ வழக்கில் அதனை டிஸ்க் என்பர். வாயைத் திறக்கத் தொடங்கும்போது எலும்பு முனை பெரும்பாலும் தன் இடத்திலேயே சுழல்கிறது. ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை திறந்த பின்னர் அது வட்டையும் உடன்கொண்டு முன்னோக்கிச் சறுக்குகிறது. கதவுக் கீல்போல் ஓர் அச்சில் சுழல்வதோடு நில்லாமல் சறுக்கவும் செய்வதாலும், வலமும் இடமும் ஒரே எலும்பின் இரு முனைகளாக இருப்பதால் ஒன்று பிறழும்போது மற்றதும் சுமையேற்க நேர்வதாலும், இம்மூட்டின் வலி உடலின் மற்ற மூட்டுகளின் வலியைப்போல் எளிதில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டுவதில்லை. காதுவலி என்றும், பல்வலி என்றும், ஒற்றைத் தலைவலி என்றும் பல கதவுகளைத் தட்டிய பின்னரே பலர் தாடை மூட்டுக்கு வந்து சேர்கின்றனர். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி, அதிலும் 20 முதல் 40 வயதுக்கு உட்பட்டோர் கணிசமானோர்.

முதற்பாடம் பரிசோதனையைப் பற்றியது. 2014இல் வெளியான பன்னாட்டு நோயறி வரையறை, விரலால் அழுத்தும்போது எழும் வலி நோயாளி அன்றாடம் அறிந்த அதே வலிதானா என்று கேட்டுத் தெளிவதை இன்றியமையாததாக வைக்கிறது. கன்னத்து மெல்லும் தசையையும் பொட்டுத் தசையையும் ஒரு கிலோ அழுத்தத்தில் தடவிப் பார்ப்பதும், மூட்டின் வெளிமுனையை அரைக் கிலோ அழுத்தத்தில் தொட்டுப் பார்ப்பதும் அதில் சொல்லப்பட்ட முறை. சமையலறைத் தராசின்மீது விரலை வைத்து அழுத்திப் பழகினால் இந்த அளவு சில நாள்களில் கைக்கு வந்துவிடும். அழுத்தினால் எந்தத் தசையும் ஓரளவு வலிக்கும். ‘வலிக்கிறதா’ என்று மட்டும் கேட்பவர் எல்லா முகத்திலும் நோயைக் கண்டுவிடுவார். ‘இதுதான் உங்களை வாட்டும் வலியா’ என்று கேட்பவரே லேசர் பாய்ச்ச வேண்டிய புள்ளியைக் கண்டடைகிறார்.

இந்தியச் சூழலில் இதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. வாய் திறக்கவில்லை என்று வரும் எல்லோருக்கும் மூட்டில் நோய் இல்லை. பாக்கும் குட்காவும் மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறச் சவ்வு வெளுத்து, நார்போல் இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் சிறுகச் சிறுகத் திறவாமல் போகும் நோயைச் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்பர். அது புற்றுநோயாக மாறும் வாய்ப்புடையது. அந்நோயாளியின் மூட்டுக்கு ஒளி பாய்ச்சிக்கொண்டிருப்பது நேரத்தை மட்டுமன்றி, சில வேளை உயிரையே விலையாகக் கேட்கும். ஆகவே கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் தொண்டையின் வாயிலையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, கன்னத்தை இரு விரல்களுக்கிடையே பிடித்து இறுக்கம் உள்ளதா என்று உணர்ந்து, ஆறாத புண் எதுவும் இல்லை என்று உறுதிசெய்யாமல் லேசர் கருவியின் விசையைத் தொடக்கூடாது. ஞானப்பல்லைச் சுற்றிய சீழ், ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் தலைவலியோடு மெல்லும்போது மட்டும் எழுந்து ஓய்வில் தணியும் தாடை வலி, படியேறும்போது தாடைக்குப் பரவும் நெஞ்சு வலி ஆகியவையும் தாடை மூட்டு நோயின் வேடத்தில் வருவன. இவற்றுள் இரண்டாவது, பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கக்கூடும். சிகிச்சை தாமதித்தால் பார்வையே பறிபோகும். மூன்றாவது இதயத்தின் எச்சரிக்கை.

இவையெல்லாம் விலக்கப்பட்ட பின்னர் எஞ்சும் தாடை நோய்களையும் ஒன்றாகக் கருதுவதற்கில்லை. தசை வலி ஒரு வகை, மூட்டின் உறை அழற்சியுற்று வலிப்பது இன்னொரு வகை, வட்டு முன்னே நழுவி, வாய் திறக்கும்போது ‘டக்’கென்று மீளுவது மூன்றாவது, நழுவிய வட்டு மீளாமல் வாய் பூட்டிக்கொள்வது நான்காவது, எலும்பு முனை தேய்வது ஐந்தாவது. ஒருவரிடமே இரண்டு மூன்று கலந்திருப்பதும் வழக்கம். லேசர் ஒளி முதல் இரண்டில் வலியைத் தணிக்க உதவக்கூடும். நழுவிய வட்டை எந்த ஒளியும் இடத்திற்கு நகர்த்தாது, தேய்ந்த எலும்பை வளர்க்காது. வலியில்லாத ‘டக்’ ஒலி மட்டும் உள்ளவருக்குச் சிகிச்சையே பெரும்பாலும் தேவையில்லை. அவ்வொலி நலமாக இருப்போரிடமும் மிகப் பரவலாகக் காணப்படுவது. ஒலியை நிறுத்தித் தருவதாகச் சொல்லி லேசர் அமர்வுகளுக்குப் பணம் பெறுவது நேர்மையான மருத்துவம் ஆகாது என்பதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

லேசர் என்றதும் வெட்டுவதும் சுடுவதுமே நோயாளியின் நினைவுக்கு வருவதால், இங்கே பயன்படுவது வேறு என்று தொடக்கத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. அறுவைக்குப் பயன்படும் கார்பன் டைஆக்சைடு லேசர் திசுவை ஆவியாக்குகிறது. வலிக்குப் பயன்படும் குறைந்த ஆற்றல் லேசர், தோலில் சூடு தோன்றாத அளவில், திசுவுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. எக்ஸ்ரேயைப்போல் அணுக்களை அயனியாக்கும் கதிர்வீச்சும் அன்று. தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை இயக்கிக் காட்டிய சில ஆண்டுகளில், புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் ரோமம் மழித்த எலிகளின் தோலில் மெல்லிய ரூபி லேசரைப் பாய்ச்சியபோது, அங்கே ரோமம் விரைந்து வளர்ந்ததைக் கண்டார். இத்துறையின் தொடக்கம் அதுவே. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் உறிஞ்சி, செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டி, அழற்சியைக் குறைக்கிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நரம்பு வலிச் செய்தியைக் கடத்துவதையும் ஒளி தற்காலிகமாக மந்தப்படுத்துகிறது என்பர்.

நடைமுறையில் மிகுதியான குழப்பம் அளவிலேயே நேர்கிறது என்பதால் இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒளியின் ஆற்றலை ஜூல் என்னும் அலகால் அளப்பர். கருவியின் திறனை வாட் கணக்கில் எடுத்து, பாய்ச்சிய நேரத்தை விநாடியில் பெருக்கினால் ஜூல் கிடைக்கும். 100 மில்லிவாட் கருவியை 40 விநாடி பிடித்தால் 4 ஜூல். 500 மில்லிவாட் கருவி அதே 4 ஜூலை 8 விநாடியில் தந்துவிடும். ஆனால் அந்த 4 ஜூல் எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஒளிப்புள்ளியின் பரப்பு அரைச் சதுரச் சென்டிமீட்டர் என்றால் அடர்த்தி சதுரச் சென்டிமீட்டருக்கு 8 ஜூல். பரப்பு ஒரு சதுரச் சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே என்றால் அதே 4 ஜூலின் அடர்த்தி 40 ஆகிவிடும். ‘சதுரச் சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல்’ என்று ஓர் ஆய்வில் படித்ததை, முனையின் பரப்பு வேறான தம் கருவியில் அப்படியே பின்பற்றுவோர், ஆய்வில் தரப்பட்டதில் சிறு பகுதியையோ பன்மடங்கையோ தந்துவிட நேர்வது இதனால்தான். குறைவாகத் தந்தால் பயன் தோன்றாது; அளவு மீறினால் பயன் குறைந்து, தூண்டுதலுக்கு மாறாகத் தடையே ஏற்படலாம் என்பது ஆய்வகத்தில் பலமுறை காணப்பட்டது. எனவே ‘இன்னும் கொஞ்சம் பிடியுங்கள்’ என்று நோயாளி கேட்பதற்கு இணங்கி நேரத்தை நீட்டுவது நன்மையன்று. கருவியின் டையோடு காலப்போக்கில் திறன் குன்றும். திரையில் தெரியும் எண் அப்படியே இருக்க, முனையில் வரும் ஒளி குறைந்திருக்கும். அதனால் ஒளித்திறன் அளவுமானியால் அவ்வப்போது சோதித்துக்கொள்வதும், ஒவ்வோர் அமர்விலும் அலைநீளம், திறன், புள்ளியின் பரப்பு, புள்ளிக்கு எத்தனை ஜூல், எத்தனை புள்ளி என ஐந்தையும் நோயாளியின் கோப்பில் எழுதுவதும் வழக்கமாக வேண்டும். எழுதாத சிகிச்சையைத் திருத்தவும் முடியாது, திரும்பச் செய்யவும் முடியாது.

கைவேலையைப் பற்றிய குறிப்புகள் சிறியவை, ஆனால் விளைவை மாற்றுபவை. தாடை மூட்டு தோலுக்கு அருகிலேயே இருப்பதால் ஒளி அதனை எட்டுவது முழங்காலையோ இடுப்பையோ விட எளிது. ஆயினும் வாய் மூடியிருக்கும்போது கன்னவளைவு எலும்பும் குழிவின் விளிம்பும் குறுக்கே நிற்கும் என்பதால், நோயாளியை வலியில்லாத அளவு வாயைத் திறந்து வைக்கச் சொல்லி, காதுமடலின் முன்மொட்டுக்குச் சற்று முன்னே விரலில் தட்டுப்படும் பள்ளத்தில் முனையை வைப்பது பயன் தரும். முனையைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து மெல்ல அழுத்தினால், தோலில் பட்டுத் திரும்பிப்போகும் ஒளி குறைகிறது. அழுத்திய இடத்தில் இரத்தம் விலகுவதால் ஒளி இன்னும் ஆழம் போகிறது. முகத்தில் பூசிய மஞ்சள், பவுடர், எண்ணெய் ஆகியவற்றைத் துடைத்துவிட வேண்டும்; அடர்ந்த தாடியும் மீசையும் ஒளியின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தோலின் கருநிறமியான மெலனின் சிவப்பொளியை மிகுதியாகவும் அகச்சிவப்பொளியைக் குறைவாகவும் உறிஞ்சுவதால், மாநிறமும் கருநிறமும் உடைய தோலுக்கு 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு அலைநீளம் பொருத்தமானது; அரை வாட்டுக்கு மேற்பட்ட நான்காம் வகுப்புக் கருவி என்றால், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பதும், ‘சூடு தெரிந்தால் உடனே சொல்லுங்கள்’ என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் கட்டாயம். கன்னத்தின் உள்ளாழத்தில் எலும்புக்குப் பின்னே மறைந்துள்ள சிறகுத் தசைக்கு வெளியிலிருந்து பாய்ச்சும் ஒளி மிகக் குறைவாகவே போய்ச் சேரும். அத்தசையே வலியின் இருப்பிடம் என்று தெரிந்தால் பயிற்சியை நம்புவதே முறை.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது சமரசத்துக்கு இடமில்லை. அகச்சிவப்பொளி கண்ணுக்குத் தெரியாது; தெரியாததால் இமையும் தானாக மூடிக்கொள்ளாது; விழித்திரை வெந்துபோகும்வரை எந்த அறிகுறியும் இராது. மூட்டோ கண்ணுக்கு மிக அருகில் உள்ளது. அந்தக் கருவியின் அலைநீளத்திற்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடியை நோயாளியும் சிகிச்சை அளிப்பவரும் உடனிருப்பவரும் அணிய வேண்டும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. புற்றுக்கட்டி உள்ள இடத்தின்மீதும், கழுத்தில் தைராய்டு சுரப்பியின்மீதும் பாய்ச்சுவது தவிர்க்கப்படுகிறது. ஒளிக்கூச்சத்தை உண்டாக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்பவர் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

ஆய்வுச் சான்று என்ன சொல்கிறது என்பதை நோயாளியிடம் மறைக்காமல் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அகச்சிவப்பொளி கண்ணுக்குப் புலப்படாததால், விசையைத் தட்டாத கருவியைக் கன்னத்தில் வைத்து நோயாளி அறியாமலே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அவ்வாறு செய்த சோதனைகளில் போலிச் சிகிச்சை பெற்றோருக்கும் வலி குறைவது அடிக்கடி காணப்பட்டது. தாடை வலி தானாகவே ஏறியிறங்கும் இயல்புடையது; ஏறியிருக்கும் நாளில்தான் நோயாளி மருத்துவரைத் தேடி வருகிறார் என்பதும் இதற்கு ஒரு காரணம். பல தொகுப்பாய்வுகள் குறுகிய காலத்தில் லேசர் வலியைக் குறைப்பதாகக் கண்டன. ஆனால் சோதனைகள் சிறியவை, அளவுகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டவை. நாள்பட்ட தாடை வலிக்காக பி.எம்.ஜே. இதழ் 2023இல் வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டி, மனத்தையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சை, கைவழி மூட்டியக்கம், மேற்பார்வையிலான தாடைப் பயிற்சி ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது; குறைந்த ஆற்றல் லேசரையோ நிபந்தனையோடு கூடிய மறுப்புப் பட்டியலில் வைத்தது. புற்றுநோய்க் கதிர்சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதே ஒளி பன்னாட்டு வழிகாட்டிகளில் இடம்பெற்றிருப்பதோடு ஒப்பிட்டால், தாடை மூட்டில் லேசரின் இடம் இன்னும் உறுதிப்படாதது என்பது தெளிவு. ஆகவே லேசரை மட்டும் சிகிச்சையாக வழங்குவதற்குச் சான்றின் துணை இல்லை. பயிற்சிக்குத் துணையாக, குறுகிய காலத்திற்கு, பயன் தெரிந்தால் மட்டும் தொடரும் உடன்பாட்டோடு பயன்படுத்துவதே நேர்மையான வழி.

அவ்வழியில் லேசருக்குச் சார்பாகச் சொல்லத்தக்க ஒன்று உண்டு: அது எதையும் நிரந்தரமாக மாற்றுவதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் இந்நோயைப் பல் கடிப்பின் குறையோடு இணைத்து விளக்கிய பிறகு, பல்லைத் தேய்த்தும் கடிப்பைத் திருத்தியும் தாடை வலியைப் போக்க முயலும் போக்கு பல பத்தாண்டுகள் நீடித்தது. தேய்த்த பல் மீண்டும் வளராது. மீள முடியாத எதையும் தொடக்கத்தில் செய்யக்கூடாது என்ற இன்றைய கொள்கை, அந்த நோயாளிகள் பட்ட துன்பத்தின்மேல் எழுந்தது.

ஒளி பாய்ச்சிய பின்னர் வலி சற்றுத் தணிந்திருக்கும் நேரமே பயிற்சிக்கு உகந்தது. அந்த நேரத்தை நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில் கழிப்பது பெரும் இழப்பு. கண்ணாடி முன் அமர்ந்து, நாக்கின் நுனியை ‘ன்’ என்று ஒலிக்கும்போது நிற்கும் இடத்தில் அண்ணத்தோடு ஒட்டவைத்து, தாடை ஒருபக்கம் கோணாமல் நேராக இறங்குமாறு மெல்லத் திறந்து மூடுவது முதற்பயிற்சி. நாக்கு மேலே நிற்கும்வரை மூட்டு பெரும்பாலும் சுழலுமே தவிர அதிகம் சறுக்காது என்பதால் இது பாதுகாப்பானது. அடுத்து, விரல்களால் மென்மையாக உதவி, வலியின் எல்லைவரை நீட்டிப் பிடிப்பது. ஈரத்துணியின் இளஞ்சூட்டைக் கன்னத்தில் கால்மணி நேரம் வைத்த பின்னர் செய்தால் தசை இணங்கும். இவற்றைவிடவும் பயன்மிக்கது ஒரு பழக்கம்: விழித்திருக்கும் நேரத்தில் உதடுகள் சேர்ந்திருக்க, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் விலகியிருக்க வேண்டும். கணினி முன்னும், வண்டி ஓட்டும்போதும், தேர்வுக்குப் படிக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பலர் சொல்லிக் காட்டும்வரை அறிவதில்லை. கைப்பேசியில் மணிக்கு ஒருமுறை ஒலிக்கும் நினைவூட்டல் வைத்து, அது ஒலிக்கும்போது பல் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், முதல் வாரத்திலேயே பலர் வியந்துபோகின்றனர். வலி தணியும்வரை முறுக்கு, சீடை, கரும்பு, மக்காச்சோளம், சூயிங்கம் ஆகியவற்றை விலக்கி, இட்லி, குழைந்த சோறு, பருப்பு என்று உண்பதும், கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையின் கீழ் கையை முட்டுக்கொடுப்பதும் சிறு உதவிகள். உறக்கமின்மையும் மனக்கவலையும் மிகுந்தவரிடம் அவற்றைப் பேசாமல் ஒளியை மட்டும் பாய்ச்சுவது பாதிச் சிகிச்சைகூட ஆகாது.

அமர்வுகளை மொத்தமாக முன்பணம் பெற்று விற்பது தவறான வழக்கம். ஒளிச்சிகிச்சைக்கான உலகச் சங்கம் நாள்தோறும் இரண்டு வாரம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு வாரம் என்ற கால அளவைப் பொதுவாகப் பரிந்துரைக்கிறது. அதற்குள்ளேயே, ஆறு அமர்வுக்குள் வலியும் குறையவில்லை, வாய்த் திறப்பும் கூடவில்லை என்றால், கருவியை ஒதுக்கிவிட்டு நோயறிதலை மறுபடி பார்ப்பதே சரி. அதைத் தீர்மானிக்க அளவுகோல் வேண்டும்: ஒவ்வோர் அமர்வுக்கு முன்னும் மேல்முன்பல்லுக்கும் கீழ்முன்பல்லுக்கும் இடையிலான திறப்பை மில்லிமீட்டரில் அளந்து, வலியைப் பூச்சியம் முதல் பத்துவரை கேட்டு எழுதினால் போதும். முதல் ஓரிரு நாள்களில் வலி சற்றுக் கூடினால் அடுத்த அமர்வில் ஆற்றலைக் குறைத்துப் பார்க்கலாம். நோயாளியும் தம் பங்குக்கு, ‘எந்த அலைநீளம், புள்ளிக்கு எத்தனை ஜூல், எந்த அடிப்படையில் நிறுத்துவீர்கள்’ என்று கேட்க உரிமையுடையவர்; இம்மூன்றுக்கும் விடை சொல்ல இயலாத இடத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இழப்பன்று.

மாதங்கள் கழித்து அதே வலி திரும்பினால், முதல்முறை பயன் தந்த புள்ளிகளையும் ஜூல் கணக்கையும் கோப்பிலிருந்து எடுத்து அதே அளவில் தொடங்கலாம். அதற்குமுன் வாயின் உட்புறத்தை மறுபடி பார்த்தாக வேண்டும். ஆனால் முன்பு ‘டக்’கென்று ஒலித்துக்கொண்டிருந்த மூட்டு ஒருநாள் திடீரென ஒலியை நிறுத்தி, வாயும் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறவாமல் நின்றுவிட்டால், வட்டு முன்னே பூட்டிக்கொண்டது என்று கருதி, லேசர் அமர்வுக்குக் காத்திராமல் சில நாள்களுக்குள் வாய்-முகத் தாடை அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். பூட்டு புதிதாக இருக்கும்போது கையால் விடுவிக்கும் வாய்ப்பு, வாரங்கள் கடந்த பின்னர் இருப்பதைவிடப் பெரிது.